ஊசி குத்திக் கொள்ளுங்கள், மாத்திரையை வீசாதீர்கள்



மழைக்கால இருமலைப் பற்றி இந்த இதழில் எழுதுவதாகப் போன இதழில் சொல்லியிருந்தேன். அது கொஞ்சம் பொறுக்கட்டும். அதைவிட அவசரமான சங்கதி ஒன்று குறுக்கே வந்துவிட்டது.

நம் தோட்டத்தில் உதிரிப் பழம் பொறுக்கும் பெண்கள் நாலு பேர், மாதத்தில் இரண்டு ஞாயிற்றுக்கிழமை வேன் பேசிக்கொண்டு, இரண்டாவது பாலத்தைத் தாண்டிப் பாயான் பாருவுக்குப் போய் வருகிறார்கள். கோயிலுக்குப் போகிறார்கள் என்றுதான் நான் எண்ணியிருந்தேன். போன வாரம் அவர்களில் ஒருவர் ரத்தக்கொதிப்பு பார்க்க என் அறைக்கு வந்தார். கழுத்துக்குப் பின்னால், ரவிக்கைக்கு மேலே, வட்ட வட்டமாகக் கருஞ்சிவப்புத் தழும்பு. "என்னம்மா இது, யார் அடித்தது?" என்று பதறிக் கேட்டேன். அந்த அம்மா தலையைக் குனிந்துகொண்டு, "யாரும் அடிக்கலைங்க டிரெசர் ஐயா. சீனத்து வைத்தியர் கிண்ணம் வச்சாரு. ஊசியும் குத்தினாரு. முதுகுவலி தாங்கலை. நீங்க திட்டுவீங்கன்னுதான் சொல்லலை" என்றார்.

திட்டுவேனாம். அந்தச் சொல் அன்று ராத்திரி முழுக்க என்னை உறங்க விடவில்லை. ஏனென்றால் இதே சொல்லை நான் முன்பும் ஒரு முறை கேட்டிருக்கிறேன், என் சொந்த அக்காள் வாயிலிருந்து. அதற்கு நாங்கள் கொடுத்த விலை ஒரு கால்விரல்.

அதைச் சொல்லிவிட்டு மேலே போகிறேன். என் அக்காள் குடும்பம் பாயான் பாருவில் அடுக்குமாடி வீட்டில் இருக்கிறது. அந்த ஊர் 1970களில் பினாங்கு வளர்ச்சிக் கழகம் எழுப்பிய புதுநகரம் என்பது உங்களில் வயதானவர்களுக்குத் தெரியும். 1972ல் பாயான் லெப்பாசில் சுதந்திர வாணிப வட்டாரம் திறந்த பிறகு, பால்மரத் தோட்டங்களில் பிறந்த எத்தனையோ பெண்பிள்ளைகள் மின்னணுத் தொழிற்சாலைக்குப் போனார்கள். பின்னாளில் என் அக்காளும் அப்படிப் போனவர்தான். இருபது வருடம் ஒரே நாற்காலியில் குனிந்து வேலை. தோள்பட்டை இறுகி, கையைத் தூக்கித் தலை பின்ன முடியாத நிலை வந்தது. அங்கே சந்தைப் பக்கம் ஒரு சீன வைத்தியரிடம் ஊசி குத்திக்கொண்டார். ஆறு தடவையில் கை மேலே போயிற்று. இது உண்மை. நானே பார்த்தேன்.

பார்த்துவிட்டு நான் என்ன செய்தேன் தெரியுமா? சிரித்தேன். "பணத்தைக் கொட்டிக் குண்டூசி குத்திக்கிட்டியாக்கா? இதுக்கு நம்ம வீட்டுத் தையல்பெட்டி போதாதா?" என்று எல்லார் முன்னாலும் கேலி பேசினேன். வெள்ளைச் சட்டை போட்டவன் பேச்சு. மாமா அப்போது ஒன்றும் பேசவில்லை.

அதன் பிறகு அந்த வீட்டில் என்ன வைத்தியம் நடந்தாலும் எனக்குச் சொல்வதில்லை என்று ஆகிவிட்டது. மாமாவுக்குப் பத்து வருடமாக இனிப்புநீர். யாரோ ஒருவர், இவர் முன்பு ஊசி குத்தின சீன வைத்தியர் அல்ல, வேறொருவர், நாடி பிடித்துப் பார்த்து ஒரே ஒரு புள்ளியைத் தொட்டே எல்லா நோயையும் தீர்ப்பதாகச் சொல்லிக்கொண்டு வீட்டு வீட்டுக்கு வந்தவர், "மாத்திரைதான் உங்கள் நோய். அதை நிறுத்துங்கள், உடம்பு தானே சரிசெய்து கொள்ளும்" என்று சொல்லியிருக்கிறார். மாமாவுக்கு மாத்திரை மேல் ஏற்கெனவே வெறுப்பு. நிறுத்திவிட்டார். இரண்டு மாதம். காலில் செருப்புக் கடித்த புண் ஆறவில்லை. கறுத்த பிறகுதான் அக்காள் எனக்குப் போன் செய்தார். "முன்னாடியே ஏங்க்கா சொல்லலை?" என்று கத்தினேன். "நீ திட்டுவே தம்பி, சிரிப்பே" என்றார்.

அரசாங்க மருத்துவமனையில் வலது கால் சுண்டுவிரலை எடுத்தார்கள். கால் தப்பியது பெரிய காரியம்.

ஆகவே இன்று நான் யாரையும் திட்டுவதற்காக எழுதவில்லை. என் கேலிக்கும் அந்த விரலுக்கும் சம்பந்தம் உண்டு என்பதை ஒப்புக்கொண்டுதான் எழுதுகிறேன்.

நிற்க. "ஊசி வைத்தியம் வேலை செய்யுமா, செய்யாதா? ஒரே வார்த்தையில் சொல்லுங்க" என்று கேட்பீர்கள். ஒரே வார்த்தையில் சொல்ல முடிந்தால் நான் ஏன் இவ்வளவு தாளைச் செலவழிக்கிறேன்?

1971 ஜூலையில் ஜேம்ஸ் ரெஸ்டன் என்ற அமெரிக்கப் பத்திரிகையாளர் பெய்ஜிங் போனபோது அவருக்குக் குடல்வால் அறுவை நடந்தது. மயக்க மருந்து சாதாரண மருந்துதான். மறுநாள் ராத்திரி வயிற்று உப்புசம் தாங்க முடியாமல் தவித்தபோது, முழங்கையிலும் முழங்காலுக்குக் கீழும் மெல்லிய ஊசிகளைக் குத்தினார்கள். உப்புசம் தணிந்தது. அதை அவர் நியூயார்க் டைம்ஸ் பத்திரிகையில் எழுதியதும் மேற்கு நாடுகள் முழுக்க ஊசிப் பேச்சு பரவியது. வாய்க்கு வாய் மாறி, "மயக்க மருந்தே இல்லாமல் ஊசி குத்தி வயிற்றைக் கிழித்தார்கள்" என்று கதை கட்டிவிட்டார்கள். நம் லயத்தில் ஒரு வீட்டுச் சங்கதி கடைசி வீட்டுக்குப் போவதற்குள் எப்படி ஆகிறதோ அப்படித்தான்.

கதைகளை விட்டுவிட்டுக் கணக்குக்கு வருவோம். ஜெர்மனியில் நாள்பட்ட இடுப்புவலிக்காரர்கள் 1,162 பேரை மூன்று கூட்டமாகப் பிரித்து ஒரு பெரிய சோதனை நடத்தி 2007ல் முடிவை வெளியிட்டார்கள். முதல் கூட்டத்துக்குச் சீன நூல்களில் சொன்ன இடத்தில் ஆழமாக ஊசி. இரண்டாவது கூட்டத்துக்குச் சும்மா கண்ட இடத்தில் மேலோட்டமாக ஊசி, ஆனால் அவர்களுக்கு அது தெரியாது. மூன்றாவது கூட்டத்துக்கு வழக்கமான மாத்திரை, பயிற்சி. ஆறு மாதம் கழித்துப் பார்த்தால், முதல் கூட்டத்தில் நூற்றுக்கு 47.6 பேருக்குக் குணம். இரண்டாவதில் 44.2. மூன்றாவதில் 27.4 தான்!

இதை எப்படி வேண்டுமானாலும் படிக்கலாம். ஊசிக்காரர், "பார்த்தாயா, மாத்திரையை ஜெயித்துவிட்டோம்" என்பார். டாக்டர், "பார்த்தாயா, எங்கே குத்தினாலும் ஒன்றுதான், உன் புள்ளிக் கணக்கெல்லாம் சும்மா" என்பார். இரண்டு பேர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. எனக்குத் தோன்றுவதைச் சொல்கிறேன்: படுக்கவைத்து, அரைமணி நேரம் தொந்தரவு இல்லாமல் விட்டு, ஒருவர் பொறுமையாகக் கேட்டு, தொட்டுப் பார்த்து, உடம்பில் ஏதோ ஒன்று செய்தால், நாள்பட்ட வலி குறைகிறது. என் அறையில் உங்களுக்கு எத்தனை நிமிடம் கிடைக்கிறது? நாலு நிமிடம், ஒரு பொட்டலம் பனடோல், "அடுத்த ஆள் வாங்க". அப்புறம் நீங்கள் பாலம் தாண்டிப் போவதில் என்ன ஆச்சரியம்!

பெரிய இடங்களும் ஒரே பேச்சில் இல்லை. இங்கிலாந்தில் வைத்திய நெறிமுறை எழுதும் நைஸ் என்ற அமைப்பு 2016ல் இடுப்புவலிக்கு ஊசி வேண்டாம் என்றது. அதே அமைப்பு 2021ல், காரணம் பிடிபடாத நாள்பட்ட வலிக்கு ஊசியைப் பார்க்கலாம் என்றது. உலகச் சுகாதார நிறுவனம் 2023 டிசம்பரில் வெளியிட்ட நாள்பட்ட இடுப்புவலி நெறிமுறையில், உடற்பயிற்சி, விளக்கிச் சொல்லுதல், தைலம் பிடித்துவிடுதல் போன்றவற்றோடு ஊசியையும், நிபந்தனையோடு, சேர்த்திருக்கிறது. ஆகவே முதுகு, முட்டி, கழுத்து, தலைவலி, இவற்றுக்கு ஊசி குத்திக்கொள்கிறவரைப் பார்த்து இனி நான் சிரிக்க மாட்டேன். ஆனால் இனிப்புநீர், ரத்தக்கொதிப்பு, காசநோய், மாரடைப்பு, புற்றுநோய், இவற்றைக் குணமாக்குகிற ஊசி எதுவும் கிடையாது. கிடையாது என்றால் கிடையாது.

இதில் நம் ஜனங்களுக்கு ஆபத்து அதிகம் என்பதால்தான் இப்படி அழுத்திச் சொல்கிறேன். 2019ல் எடுத்த தேசிய சுகாதார ஆய்வில் நாட்டிலுள்ள பெரியவர்களில் நூற்றுக்கு 18.3 பேருக்கு இனிப்புநீர். இந்தியர்களை மட்டும் எடுத்தால் 31.4. நம் வீடுகளில் மூன்று பெரியவர்கள் உட்கார்ந்து தேநீர் குடித்தால், அவர்களில் ஏறக்குறைய ஒருவருக்கு! "மாத்திரையை நிறுத்து" என்று ஒருவர் லயத்தில் ஒரு சுற்று வந்தால் எத்தனை கால் போகும், எத்தனை பேர் ரத்தம் சுத்தப்படுத்தும் இயந்திரத்துக்குப் போவார்கள் என்று நீங்களே எண்ணிப் பாருங்கள்.

இந்தச் சரக்கு இப்போது கைப்பேசியில், நல்ல தமிழில், பாட்டும் படமுமாக வருகிறது. கேட்க இனிமையாகத்தான் இருக்கிறது. 2018 ஜூலையில் திருப்பூரில் இப்படிக் காணொளிகளை நம்பி வீட்டிலேயே பிள்ளை பெற முயன்ற ஒரு இளம் தாய் ரத்தப்போக்கில் இறந்துபோனார். 2024 பிப்ரவரியில் திருவனந்தபுரத்தை அடுத்த நேமத்தில் வீட்டுப் பிரசவத்தில் தாயும் சிசுவும் இறந்தார்கள். கணவரையும், அக்குபங்சர் பார்த்தவரையும் போலீசார் கைது செய்தார்கள். அந்தத் தாய்க்கு முன்பே வயிற்றை அறுத்துப் பிள்ளை எடுத்திருந்தார்களாம். வலிக்குக் குத்தும் ஊசியை எங்கே கொண்டுபோய் வைத்தார்கள் பாருங்கள்.

சீன நாட்டிலேயே இதை வேறு மாதிரி செய்தார்கள். 1968ஐ ஒட்டி அங்கே ‘வெறுங்கால் மருத்துவர்’ என்று ஆயிரமாயிரம் கிராமத்துப் பிள்ளைகளைச் சில மாதம் பழக்கிக் கிராமங்களுக்கு அனுப்பினார்கள். பாதி நாள் வயல் வேலை, பாதி நாள் வைத்தியம். ஏறக்குறைய என்னைப் போன்ற ஆள்தான் என்று வைத்துக்கொள்ளுங்கள், எனக்குச் செருப்பு உண்டு. அவர்கள் பெட்டியில் ஊசியும் மூலிகையும் இருந்தன. கூடவே தடுப்பு மருந்தும் ஆங்கில மாத்திரையும் இருந்தன. ஒன்று இருந்தால் மற்றது கூடாது என்று யாரும் சொல்லவில்லை.

சரி, காசுக்கு வருவோம். அந்த நாலு பெண்களிடம் விசாரித்தேன். ஒரு தடவைக்கு 70 வெள்ளி. வேன் பங்கு தனி. நம் நாட்டில் குறைந்தபட்சச் சம்பளம் 2025 பிப்ரவரி முதல் 1,700 வெள்ளி. அதை 26 நாளுக்கு வகுத்தால் ஒரு நாளைக்கு 65 வெள்ளி சொச்சம். அதாவது ஒரு முழுநாள் குனிந்து பழம் பொறுக்கின கூலி, அந்தக் குனிந்த வலியைப் போக்க ஒரு தடவைக்கே போதவில்லை! அதிலும் பத்துத் தடவைக்கு முன்பணம் கட்டினால் தள்ளுபடி என்று ஆசை காட்டுகிறார்களாம். முன்பணம் மட்டும் கட்டாதீர்கள். நாலைந்து தடவையில் வித்தியாசம் தெரியாவிட்டால் அது உங்களுக்கு ஒத்துவராது. மிச்சக் காசை யார் திருப்பித் தருவார்?

ஊசி வைத்தியம் பணக்காரர் பொழுதுபோக்காக எப்போதும் இருந்ததில்லை. நம் பினாங்கையே பாருங்கள். 1883ல் ஜார்ஜ்டவுனில் முன்ட்ரி ஸ்திரீட்டில் நாம் வா ஈ என்ற சீன தர்ம மருத்துவமனையை அவர்கள் சமூகப் பெரியவர்கள் தொடங்கினார்கள். கப்பலில் வந்து இறங்கிய ஏழைக் கூலிகளுக்குச் சீன வைத்தியம் இலவசம். அதுதான் வளர்ந்து இன்று பத்து லஞ்சாங் பக்கம் லாம் வா ஈ மருத்துவமனையாக நிற்கிறது. சிங்கப்பூரில் 1867ல் தொடங்கிய தோங் சாய் மருத்துவ நிலையம் எந்த இனத்து ஏழைக்கும் இலவசமாகப் பார்த்தது. அவர்களும் நம்மைப் போலக் கடல் தாண்டி வந்த கூலிகள்தான். ஆனால் வந்த இடத்தில் தங்கள் வைத்தியத்தைச் சங்கமாகக் கூடிக் கட்டிக்கொண்டார்கள். நம் சித்த வைத்தியமும் வர்மமும் தொக்கணமும் சுளுக்கு வழிக்கிற பாட்டிமார் கையோடு நின்றுவிட்டன. பாட்டி போனதும் அதுவும் போயிற்று. இது எனக்கு வெகுநாளாக உள்ள ஆதங்கம்.

அமெரிக்காவில் போர்ட்லாந்து என்ற ஊரில் 2002ல் லிசா ரோலெடர் என்ற பெண்மணியும் அவர் கூட்டாளியும் ஒரு ஊசி நிலையம் திறந்தார்கள். பெயரே ‘தொழிலாளி வர்க்க அக்குபங்சர்’! தனி அறை கிடையாது. ஒரே கூடத்தில் சாய்வு நாற்காலிகள். பக்கத்துப் பக்கத்தில் உட்காரவைத்துக் கையிலும் காலிலும் காதிலும் குத்துவார்கள், ஆகவே துணி களைய வேண்டியதில்லை. ஒரு வைத்தியர் ஒரு மணி நேரத்தில் பல பேரைப் பார்க்க முடிவதால் விலை குறைகிறது. 15 டாலர் முதல் 35 டாலர் வரை, உங்களால் முடிந்ததைக் கொடுங்கள், சம்பளச் சீட்டைக் காட்ட வேண்டாம் என்றார்கள். அந்த அம்மா, அக்குபங்சர் என்பது நூடுல்ஸ் மாதிரி என்று ஒரு புத்தகமே எழுதினார். அதாவது ஆடம்பர விருந்தாக இருக்கக் கூடாது, தெருவோரம் கிடைக்கும் மீ மாதிரி மலிவாக, தினம் கிடைக்க வேண்டும் என்கிறார். பினாங்குக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதே இல்லை.

நம் அரசாங்கத்திலும் வழி இருக்கிறது, பலருக்குத் தெரியாது. 2007ல் நம் செபராங் பிறை கப்பாளா பத்தாஸ் மருத்துவமனையில்தான் நாட்டிலேயே முதன்முதலாகப் பாரம்பரிய வைத்தியப் பிரிவு தொடங்கினார்கள். நாள்பட்ட வலிக்கு அக்குபங்சர், மலாய் உருவுதல் எல்லாம் அங்கே உண்டு. நேரே போய் நிற்க முடியாது, அரசாங்க டாக்டரின் பரிந்துரைக் கடிதம் வேண்டும். என்னிடம் வாருங்கள். நான் குறிப்பு எழுதி அரசாங்க கிளினிக்குக்கு அனுப்புகிறேன், அங்கே சீட்டுக்கு ஒரு வெள்ளி, டாக்டர் பார்த்துக் கடிதம் தருவார். காத்திருக்க வேண்டியிருக்கும், அதையும் சொல்லிவிடுகிறேன். நம்மோடு வேலை செய்யும் இந்தோனேசிய, வங்காளதேசத் தோழர்களுக்குக் கட்டணம் கூடுதல். அது வேறு சண்டை.

வெளியே போகிறவர்கள் கண்ணைத் திறந்துகொண்டு போங்கள். 2016ல் வந்த பாரம்பரிய, துணை மருத்துவச் சட்டம், அதாவது சட்டம் 775, வைத்தியர் பதிவு செய்துகொள்ள வேண்டும் என்கிறது. சான்றிதழைக் காட்டச் சொல்லிக் கேளுங்கள், கேட்பதற்கு வெட்கப்படாதீர்கள். லாரி ஓட்டுகிறவனிடமே லைசென்ஸ் கேட்கிற நாடு இது. ஊசி உங்கள் கண் முன்னால் உறையைக் கிழித்து எடுக்கப்பட வேண்டும், குத்தி முடித்ததும் ஊசிப்பெட்டியில் போட வேண்டும். 1984ல் அமெரிக்காவின் ரோட் ஐலண்டில் ஒரே ஊசி நிலையத்தில் 35 பேருக்குக் கல்லீரலைத் தாக்கும் ஹெப்படைட்டிஸ் பி தொற்றியது. சுத்தம் இல்லாத ஊசிதான் காரணம். நெஞ்சிலும் தோள் மேட்டிலும் ஆழமாகக் குத்தினால் நுரையீரலில் ஓட்டை விழக்கூடும். குத்திவிட்டு வீட்டுக்கு வந்தபின் மூச்சுத் திணறினால், "பழகிடும்" என்று படுத்திருக்காமல் ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். கர்ப்பிணிகளும் ரத்தம் உறையாமல் இருக்க மருந்து தின்கிறவர்களும் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். இனிப்புநீர்க்காரர்கள் மரத்துப்போன பாதத்தில் ஊசியோ, மூலிகைச் சூடோ, கிண்ணமோ எதையும் வைக்க விடாதீர்கள். சுட்டாலும் உங்களுக்குத் தெரியாது.

ஊசியைவிட நான் அஞ்சுவது, ஊசியோடு சேர்த்துக் கையில் கொடுத்தனுப்பும் பெயரில்லாத மாத்திரையைத்தான். பாசார் மாலாமில் விற்கும் மூட்டுவலி மஞ்சூனும் அதே கதை. இரண்டு நாளில் வலி பறந்துவிடும். பசி எடுக்கும், கன்னம் உப்பும், "நல்லா தேறிட்டீங்களே" என்று பார்க்கிறவர்கள் சொல்வார்கள். அது தேறல் அல்ல. அதில் ஸ்டீராய்டு கலந்திருக்கிறது. இப்படிக் கலந்த சரக்கை அரசாங்கம் திரும்பத் திரும்பக் கண்டுபிடித்து அறிவித்துக்கொண்டுதான் இருக்கிறது. சர்க்கரை ஏறும், எலும்பு உளுத்துப்போகும், திடீரென்று நிறுத்தினால் ஆளே சாய்ந்துவிடுவார். ஆகவே தின்றுகொண்டிருப்பவர்கள் பயந்துபோய் இன்றைக்கே நிறுத்திவிட வேண்டாம், புட்டியோடு என்னிடம் வாருங்கள், டாக்டரிடம் அனுப்பிப் படிப்படியாகக் குறைக்க வைக்கிறேன். பதிவு பெற்ற பாரம்பரிய மருந்தாக இருந்தால் உறையில் ‘மால்’ என்ற எழுத்தோடு எட்டு இலக்க எண்ணும் கடைசியில் ‘டி’ எழுத்தும் இருக்கும்.

இன்னொன்று. இனிப்புநீரைக் குணமாக்குவேன் என்று நோட்டீசு அடிக்கிறவர் ஏற்கெனவே குற்றவாளி. 1956ஆம் ஆண்டு மருந்து விளம்பரம், விற்பனைச் சட்டம் இனிப்புநீர், புற்றுநோய், சிறுநீரக நோய், இருதய நோய் முதலிய 20 நோய்களுக்கு அப்படி விளம்பரம் செய்வதையே தடை செய்திருக்கிறது. அத்தகைய நோட்டீசு கையில் கிடைத்தால் கிழித்துப் போடாமல் சங்கக் கிளையில் கொடுங்கள்.

வாயுப் பிடிப்பு என்று எண்ணிக்கொண்டு நெஞ்சுவலிக்கு ஊசி குத்தப் போக வேண்டாம் என்பதை நான் சொல்ல வேண்டியதே இல்லை என்று நினைக்கிறேன். ஆனாலும் சொல்லி வைக்கிறேன். இடுப்புவலியோடு கால் வலுவிழந்தாலோ, சிறுநீர் கட்டுப்பாடு தவறினாலோ, காய்ச்சல் இருந்தாலோ அதுவும் ஆஸ்பத்திரிச் சங்கதிதான்.

இனி நான் கேட்க வேண்டிய முக்கியமான கேள்விக்கு வருகிறேன். இந்த முதுகுகள் எல்லாம் ஏன் இப்படி ஆயின?

செம்பனைக் குலை ஒன்று 10 கிலோ, 20 கிலோ, சில சமயம் அதற்கும் மேல். மரம் உயர உயரக் கம்பும் நீளும். கழுத்தை அண்ணாந்து வைத்துக்கொண்டு அந்த நீளக் கம்பின் நுனியில் அரிவாளை மாட்டி இழுக்க வேண்டும். விழுந்த குலையைக் குத்தித் தூக்கி வண்டியில் ஏற்ற வேண்டும். பின்னால் வரும் பெண்கள் உதிரிப் பழத்தைக் குனிந்து குனிந்து பொறுக்கி மூட்டை கட்டிச் சுமக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை ஊசி குத்தி இறக்கிய வலியைத் திங்கட்கிழமை பெரட்டு முடிந்த ஒரு மணி நேரத்தில் திரும்ப ஏற்றிக்கொள்கிறோம். இப்படியே போனால் பாயான் பாரு வேன்காரருக்குத்தான் லாபம்.

தொழில் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டம் 1994லிருந்து இருக்கிறது. அதைத் திருத்திய சட்டம் 2024 ஜூன் முதல் அமலில் உள்ளது. 40 பேரோ அதற்கு மேலோ வேலை செய்கிற இடத்தில் தொழிலாளர் பிரதிநிதிகளோடு பாதுகாப்புக் குழு இருந்தாக வேண்டும். உடம்பை முறிக்கிற வேலையை எப்படி அளந்து பார்ப்பது என்று 2017லும், கையால் சுமை தூக்குவது பற்றி 2018லும் அரசாங்கத் தொழில் பாதுகாப்பு இலாகா வழிகாட்டி நூல்களே போட்டிருக்கிறது. நம் பக்கத்துத் தோட்டங்களில் எத்தனை இடத்தில் ஒரு மூட்டையையாவது தராசில் வைத்து நிறுத்துப் பார்த்தார்கள்? வேலையால் வந்த காயத்துக்கு சொக்சோ உண்டு. 2019 ஜனவரி முதல் வெளிநாட்டுத் தோழர்களுக்கும் வேலைக் காயத்துக்கு உண்டு. ஆனால் வலியை என் பதிவேட்டில் ஏற்றாமல் ரகசியமாகப் பாலம் தாண்டிப் போய்த் தீர்த்துக்கொண்டால், ஏட்டில் இந்தத் தோட்டத்தில் யாருக்கும் முதுகுவலியே இல்லை என்றுதான் இருக்கும். துரையவர்கள் அந்த ஏட்டைத்தான் காட்டுவார்.

அதனால் சங்கக் கிளைக்கு நான் ஒரு யோசனை எழுதிக் கொடுத்திருக்கிறேன். மாதம் ஒரு ஞாயிறு, நம் சங்கக் கூடத்தில் இருபது நாற்காலி போடுவோம். பதிவு பெற்ற அக்குபங்சர் வைத்தியர் ஒருவரை வரவழைப்போம். போர்ட்லாந்து மாதிரி எல்லாரும் ஒரே கூடத்தில். தனித்தனியே பாலம் தாண்டிப் போவதைவிட ஒருவர் இங்கே வருவது மலிவு. பாதியை நாம் கொடுப்போம், மீதியை நிர்வாகம் கொடுக்க வேண்டும் என்று கேட்போம், வலி அவர்கள் குலையால் வந்ததுதானே. ஊசிக்கு முன்னால் நான் ஒவ்வொருவருக்கும் ரத்தக்கொதிப்பும் சர்க்கரையும் பார்ப்பேன். பெயர், என்ன வேலை, எத்தனை வருடம், எங்கே வலி என்று ஒரு புத்தகத்தில் ஏற்றுவேன். ஆறு மாதம் கழித்து அந்தப் புத்தகத்தைப் பாதுகாப்புக் குழுவின் மேசையில் வைப்போம். பெயரை மறைத்துவிட்டு.

கிளைச் செயலாளர், "டிரெசர் ஐயா, நீங்க ஊசிக்கட்சிக்கு மாறிட்டீங்களா?" என்று கேட்கிறார். கேட்கட்டும். டாக்டர்மார் சிலருக்கும் இது பிடிக்காது. சின்சேயை அழைத்து வந்தால் ஜனங்கள் மருந்தை விட்டுவிடுவார்கள் என்பார்கள். நம் கண் முன்னால் நடந்தால் விடமாட்டார்கள், ஒளிந்து நடந்தால்தான் விடுவார்கள் என்பது என் பதில். மாமாவின் விரலை வைத்துக்கொண்டு சொல்கிறேன்.

மாமா இப்போது மாத்திரை தவறுவதில்லை. முட்டிவலிக்கு மட்டும் அக்காளோடு போய் அந்தப் பழைய சீன வைத்தியரிடம் ஊசி குத்திக்கொள்கிறார். போன தீபாவளிக்குப் போயிருந்தபோது அதை என்னிடம் அவரே சொன்னார், கொஞ்சம் சவால் விடுகிற மாதிரி. "எத்தனை வெள்ளி மாமா?" என்று மட்டும் கேட்டேன்.

கூடத்து ஏற்பாடு முடிவாகும்வரை, வருகிற ஞாயிறு அந்த நாலு பெண்களோடு நானும் வேனில் பாயான் பாரு போகிறேன், சான்றிதழையும் ஊசி உறையையும் நேரில் பார்க்க. வேனில் இன்னும் இரண்டு இடம் இருக்கிறது. வருகிறவர்கள் சனிக்கிழமை பெரட்டுக்குள் சொல்லிவிடுங்கள். காலை மாத்திரையைப் போட்டுக்கொண்டு, பசியாறிவிட்டு, இனிப்புநீர்ப் புத்தகத்தையும் கையோடு எடுத்து வாருங்கள்.